மாட்டுக்கும் சுத்தத்துக்கும் ஒரே சொல்லா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். கெமிக்கல் பேரல்களில் ஆங்கிலத்தில் இருக்கும் குறிப்புகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'நீட்ஸ்ஃபுட் ஆயில்' என்பதைச் 'சுத்தமான கால் எண்ணெய்' என்று எழுதினேன். சூப்பர்வைசர் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆனால் சரியான அர்த்தம் அவருக்கும் தெரியவில்லை. இன்னொரு பேரலில் 'டு நாட் யூஸ் நீட்' என்று இருக்கிறது. ஒரு பொருளை ஏன் நீட்டாகப் பயன்படுத்தக் கூடாது? நீட் என்றால் சுத்தம், ஒழுங்கு என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த இரண்டாவது பேரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். 'டு நாட் யூஸ் நீட்' என்றால், எதுவும் கலக்காமல் அப்படியே எடுத்துப் பயன்படுத்தாதே என்று பொருள். தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். 'நீட்டாகப் பயன்படுத்தாதே' என்றோ 'சுத்தமாகப் பயன்படுத்தாதே' என்றோ எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன்பே போய்க் கிழித்துவிடுங்கள். தோல் தொழிலில் ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்முக்குள் சிறுகச் சிறுகத்தான் விடுவார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மாதிரி ஒரு பொருளின் மேல் இந்த எச்சரிக்கை இருந்து, படிக்கிறவருக்கு அது புரியாமல் போனால், கையும் கண்ணும் போய்விடும்.

உங்கள் சூப்பர்வைசர் சிரித்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்ப்பதுதான் எனக்கு இருபது வருடத்துக்கும் மேலாகப் பிழைப்பு. இந்தச் சொல்லிடம் நானும் விழுந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டட ஒப்பந்தத்தில் 'நீட் சிமெண்ட்' என்று வந்தது. 'நேர்த்தியான சிமெண்ட் பூச்சு' என்று எழுதிக் கொடுத்தேன். வயதான மேஸ்திரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதுல மணலே கிடையாதும்மா. சிமெண்ட்டைத் தண்ணியில மட்டும் குழைச்சு மேலே இழுக்கிறது இது" என்று பொறுமையாகச் சொன்னார். நான் எழுதியபடி விட்டிருந்தால், மணல் கலந்த கலவையையே வழவழப்பாகப் பூசிவிட்டு ஒப்பந்தப்படி முடித்துவிட்டோம் என்று யாரும் சொல்லியிருக்கலாம். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டியிருப்பேன். இது தெரிந்த சொல் என்பதால் புரட்டவில்லை. உங்களுக்கு நடந்ததும் அதேதான்.

சரி, இந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

லத்தீனில் 'நிதேரே' என்றால் மின்னுதல், பளபளத்தல். அதிலிருந்து பிறந்தது 'நிதிதுஸ்', அதாவது பளபளப்பான, துலக்கமான. அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'நெட்' ஆனது. அங்கே அதற்குத் தூய்மையான, தெளிவான என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது 'நீட்' என்ற உருவத்தில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. மின்னுகிற பொருளின் மேல் தூசி இல்லை, அதனால் அது சுத்தம். சுத்தமான பொருளில் வேறு எதுவும் கலக்கவில்லை, அதனால் அது கலப்பில்லாதது. தண்ணீர் கலக்காத திராட்சை மதுவை 'நீட்' என்று சொல்லும் வழக்கமும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் மதுக்கடையில் ஒருவர் 'நீட்' என்று கேட்டால் தண்ணீர், ஐஸ், சோடா எதுவும் சேர்க்காமல் கொடுப்பார்கள். நம் ஊரில் அதற்கு 'ராவா' என்கிறார்கள். உங்கள் பேரலில் இருக்கும் 'நீட்' இந்த 'ராவா'தான்.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் தோன்றிய விசித்திரமான யோசனை கிடையாது. நம்முடைய 'சுத்தம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு சுத்தமாக இருக்கிறது என்றால் குப்பை இல்லை. சுத்தமான பசும்பால் என்றால் தண்ணீர் ஊற்றவில்லை. சுத்தத் தங்கம் என்றால் செம்பு சேர்க்கவில்லை. 'சுத்தமா மறந்துட்டேன்' என்றால் கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் மறந்துபோனேன். ஒரே சொல் இத்தனை வேலை செய்கிறது, நாம் யாரும் குழம்புவதில்லை. ஏனென்றால் பக்கத்தில் பால் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, தங்கம் இருக்கிறதா என்று காது தானாகவே பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவருக்கு 'நீட்' என்ற சொல்லிலும் அப்படித்தான். நமக்கோ பள்ளிக்கூடம் ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் கையில் கொடுத்து அனுப்பியது: நோட்டுப் புத்தகத்தை நீட்டாக வைத்துக்கொள், கையெழுத்து நீட்டாக இருக்கட்டும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தமெல்லாம் போகக் கடைசியில் நிற்கும் தொகைக்கு மேல் 'நெட்' என்று போட்டிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் உறையின் எடை நீங்கலாக உள்ளே இருப்பதை 'நெட் வெயிட்' என்று அச்சடிக்கிறார்கள், தமிழில் நிகர எடை என்கிறோம். அதுவும் அதே பிரெஞ்சு 'நெட்' வழியாக வந்ததுதான். சேர வேண்டாததெல்லாம் கழிந்து சுத்தமாக நிற்பது. மீன் பிடிக்கிற வலையையும் 'நெட்' என்பார்கள், ஆனால் அது ஆங்கிலத்தில் பழங்காலத்திலிருந்தே இருக்கும் வேறு சொல். இரண்டுக்கும் உறவு கிடையாது. மருத்துவ நுழைவுத் தேர்வின் 'நீட்' முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் என்பது உங்களுக்கே தெரியும்.

லேத் பட்டறைப் பக்கம் போனால் 'நீட் கட்டிங் ஆயில்' என்று கேட்பீர்கள். தண்ணீரில் கரைத்துப் பால் போல ஆக்கி ஊற்றுவது ஒரு வகை. கரைக்காமல் எண்ணெயாகவே ஊற்றுவது 'நீட்' வகை. வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் கரைப்பான் சேர்க்காமல் நடத்தும் வினையை இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஆக, பட்டறை, கட்டடம், ஆய்வுக்கூடம், தோல் தொழிற்சாலை என்று எங்கே பார்த்தாலும், வேலை செய்கிறவர்கள் கையில் இந்தச் சொல் பெரும்பாலும் 'கலக்காமல்' என்ற அர்த்தத்தில்தான் புழங்குகிறது.

இப்போது உங்கள் முதல் பேரலுக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆசை அதிகம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் இருக்கும் 'நீட்' மாடு. உங்கள் தொழிற்சாலைக்குள் தினமும் தோலாக வருகிறதே, அதே மாடு. பழைய ஆங்கிலத்தில் பசு, எருது, கன்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இப்படி ஒரு சொல் இருந்தது. லத்தீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். ஸ்வீடனில் இன்றும் மாட்டிறைச்சியைக் குறிக்கும் சொல்லுக்குள் இதன் உடன்பிறப்பு உயிரோடு இருக்கிறது. நம் தமிழில் ஓடுகிற ஆறும் எண்ணிக்கையில் வரும் ஆறும் வேறுவேறு சொற்களாக இருந்துகொண்டு ஒரே உருவத்தில் நிற்கவில்லையா? அதுபோலத்தான் பிரெஞ்சிலிருந்து வந்த 'நீட்டும்' ஆங்கிலத்தின் சொந்த 'நீட்டும்'. வேறுவேறு ஊரில் பிறந்து ஒரே எழுத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

அந்த மாட்டுச் சொல்லின் வேர், பயன்படுத்துதல், அனுபவித்தல் என்ற பொருள் கொண்டது. ஒருவன் தன்னுடையதாக வைத்துப் பயன்பெறும் உடைமை என்பதுதான் ஆதிப் பொருள். உடைமை என்றாலே மாடுதான் என்று இருந்த காலம் அது. இந்த இடத்தில் எனக்கு உடனே நினைவுக்கு வருவது நீங்களும் பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்:

கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு
மாடல்ல மற்றை யவை.

இதில் 'மாடல்ல' என்றால் செல்வம் அல்ல என்றுதான் உரை. மாடு என்ற சொல்லே செல்வத்தைக் குறிக்கிறது. ரோமானியர்கள் பணத்தைச் சொல்ல வைத்திருந்த 'பெகூனியா' என்ற சொல்லும் மந்தையைக் குறிக்கும் 'பெகுஸ்' என்பதிலிருந்து வந்தது. இன்றைக்கு மாட்டு மந்தைக்கு ஆங்கிலத்தில் 'கேட்டில்' என்கிறார்களே, அது எதிர்த்திசையில் நடந்து வந்த சொல். முதலில் அதற்குச் சொத்து என்றுதான் பொருள், பிறகு கால்நடைச் சொத்து என்று குறுகி, கடைசியில் மாடுகளுக்கே பெயராகி நின்றுவிட்டது. அந்தக் 'கேட்டில்' ஓங்கிய பிறகுதான் பழைய 'நீட்' மெல்ல ஒதுங்கிப்போனது. இப்போது ஆங்கிலேயர்களிலேயே பலருக்கு அந்தப் பொருள் தெரியாது. தோல் வேலை செய்கிறவர்களின் எண்ணெய்ப் பாத்திரத்தில் மட்டும் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் அது நன்றாகவே நடமாடியது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் முதல் காட்சியிலேயே உங்கள் தொழில்காரர் ஒருவர் வருகிறார். ரோமாபுரித் தெருவில் செருப்புத் தைக்கும் தொழிலாளி. வேலை நாளில் ஏன் வீதியில் சுற்றுகிறாய் என்று அதிகாரிகள் அதட்டும்போது, மாட்டுத்தோலை மிதித்து நடந்த மனிதர்களில் எவ்வளவு பெரிய ஆட்களும் என் கைவேலையின் மேல்தான் நடந்திருக்கிறார்கள் என்று அவர் நிமிர்ந்து சொல்கிறார். அங்கே மாட்டுத்தோலுக்கு வரும் சொல் 'நீட்ஸ் லெதர்'. அதைச் 'சுத்தமான தோல்' என்று படித்தால் அந்தத் தொழிலாளியின் பெருமிதமே காணாமல் போய்விடும். ஆம்பூரில் ஷூ தைக்கிற ஒருவர் அந்த வரியைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஆழமான இடம் 'விண்டர்ஸ் டேல்' நாடகத்தில் இருக்கிறது. லியான்டிஸ் என்ற அரசனுக்குத் தன் மனைவி மேல் காரணமில்லாத சந்தேகம். பக்கத்தில் அவனுடைய சின்ன மகன் நிற்கிறான், மூக்கில் அழுக்கு. அதைத் துடைக்கப்போகிற தகப்பன், நாம் 'நீட்டாக' இருக்க வேண்டும் என்று கொஞ்சலாக ஆரம்பிக்கிறான். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் சட்டென்று நிறுத்தி, 'நீட்' வேண்டாம், 'க்ளீன்லி' என்று சொல்வோம் என்று மாற்றுகிறான். எருதுக்கும் கிடாரிக்கும் கன்றுக்கும்கூட 'நீட்' என்றுதானே பெயர் என்கிறான். மாடு என்றால் கொம்பு. மனைவி துரோகம் செய்த கணவனுக்குத் தலையில் கொம்பு முளைக்கும் என்பது அந்தக் கால இங்கிலாந்தில் எல்லோரும் அறிந்த ஏச்சு. பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற வேளையில்கூட ஒரு சாதாரணச் சொல் அவனைச் சந்தேகத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் இருப்பதை வைத்து ஒரு மனிதனின் மனநோயை ஷேக்ஸ்பியர் காட்டிவிட்டார். ஒரே ஒரு 'நீட்' தெரிந்தவருக்கு இந்த இடம் வெறும் உளறலாகத்தான் படும்.

வேறு சில பழைய பயன்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 'கிங் லியர்' நாடகத்தில் கென்ட் என்பவர் ஒரு வேலைக்காரனை 'நீட் அடிமையே' என்று திட்டுகிறார். மினுக்கித் திரிகிறவனே என்கிற மாதிரியான வசை அது. அளவுக்கு மீறிய சிங்காரம் அந்தக் காலத்தில் சந்தேகத்துக்குரிய குணம். மில்டனின் கவிதை ஒன்றில் ஃபிலிஸ் என்ற நாட்டுப்புறப் பெண், 'நீட்' கைகளால் கீரையும் காயும் சேர்த்து உணவு தயாரிக்கிறாள். கைப்பக்குவம் உள்ளவள் என்று பொருள். நம்முடைய 'நேர்த்தி' இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இளைஞர்கள் எது பிடித்தாலும் 'நீட்!' என்றார்கள். அது நம் 'சூப்பர்' மாதிரி, அதில் துருவ ஒன்றுமில்லை.

எண்ணெய்க்குத் திரும்புகிறேன். மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையும் பாதப் பகுதியையும், குளம்பை நீக்கிவிட்டு, தண்ணீரில் வேகவைத்து மேலே மிதக்கும் கொழுப்பிலிருந்து எடுப்பது இது. மாட்டின் வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பு ஆறினால் கட்டியாக உறைந்துவிடும். கால் கொழுப்பு அப்படி உறைவதில்லை. மாட்டின் உடம்பைவிடக் கால்கள் குளிர்ச்சியானவை. அந்தக் குளிரிலும் இறுகாமல் இருக்க வேண்டும் என்பதால் அங்கே சேரும் கொழுப்பு இளகிய தன்மை உடையது. அதனால்தான் அறை வெப்பத்தில் எண்ணெயாகவே நிற்கிறது, தோலின் இழைகளுக்குள் புகுந்து அதை மிருதுவாக்குகிறது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டும் ஃபேட் லிக்கர் வேலைக்கு இதைத் தண்ணீரில் கலந்து பால் போல ஆகிற மாதிரி பதப்படுத்தி விற்பதும் உண்டு. உங்கள் பேரல் எந்த வகை என்று சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ப்யூர்' என்று இருந்தால் முழுக்க மாட்டுக்கால் எண்ணெய். 'காம்பௌண்ட்' என்று இருந்தால் வேறு எண்ணெயும், பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய், சேர்ந்திருக்கும். கவனித்தீர்களா, பெயரிலேயே 'நீட்' இருக்கிற எண்ணெய் கலப்பாகவும் வரும். 'நீட்' என்றால் கலப்பில்லாதது என்று நான் மேலே சொன்னதை இந்தப் பேரலின் மேல் போட்டுவிடாதீர்கள். இங்கே அது மாடு மட்டும்தான்.

சுவரில் எப்படி எழுதுவது? பேரலின் பெயரை 'நீட்ஸ்ஃபுட் ஆயில்' என்றே தமிழ் எழுத்தில் முதல் வரியில் போடுங்கள். ஸ்டோர்ஸ் கணக்கும் பேரல் மேல் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே 'மாட்டுக்கால் எண்ணெய்' என்று எழுதினால் போதும். உங்கள் 'சுத்தமான கால் எண்ணெய்' என்பதில் பாதி சரியாகத்தான் இருந்தது, காலை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

வெறும் 'யூஸ் நீட்' என்று வரும் இடத்தில் 'தண்ணீரோ வேறு எதுவுமோ கலக்காமல் அப்படியே பயன்படுத்தவும்' என்று எழுதலாம். 'சுத்தமாகப் பயன்படுத்தவும்' என்று எழுத வேண்டாம். படிக்கிறவர் கையைக் கழுவிக்கொண்டு வருவார், கலவையைப் பற்றி யோசிக்க மாட்டார்.

'டு நாட் யூஸ் நீட்' கொஞ்சம் சிக்கல். நேராக எழுதினால் 'தண்ணீர் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது' என்று வரும். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் ஒரே வரியில் இரண்டு எதிர்மறை. இரவு ஷிப்டில் அவசரமாகப் பார்க்கிறவர் கண்ணில் 'கலக்காமல் பயன்படுத்த' என்கிற துண்டு மட்டும் பட்டால் என்ன ஆகும்? அதனால் செய்ய வேண்டியதை நேராகவே சொல்லிவிடுங்கள்: 'கட்டாயம் தண்ணீர் கலந்த பிறகே பயன்படுத்தவும்.' எத்தனை பங்கு தண்ணீர் என்பதை அந்தப் பொருளின் சீட்டிலிருந்து எடுத்து எண்ணால் எழுதுங்கள், தோராயமாக நீங்களே ஒன்றைப் போட வேண்டாம். அமிலமாக இருந்தால் இன்னொரு வரியும் வேண்டும்: 'தண்ணீரில் அமிலத்தை மெதுவாக விடவும். அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது.' இது பேரலில் அச்சாகாமல் இருந்தாலும் சேர்த்துவிடுங்கள், உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டிவிட்டு.

'கீப் தி ஏரியா நீட்' என்றும் எங்காவது இருக்கும். அது மட்டும்தான் நீங்கள் பள்ளியில் படித்த நீட். 'இடத்தை ஒழுங்காக வைத்திருக்கவும்' என்று தைரியமாக எழுதலாம்.

கடைசியாக, ஒட்டுவதற்கு முன்னால் டிரம்மில் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு, எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று கேட்க வேண்டாம், மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவார். "இதைப் படிச்சா என்ன செய்வீங்கண்ணே?" என்று கேளுங்கள். "தண்ணி கலந்துட்டுத்தான் ஊத்துவேன்" என்று அவர் சொன்னால் ஒட்டிவிடலாம்.